‘மீ’ என்பது ‘என்னை’யா? ஆங்கில மூவிடப்பெயர் வடிவங்களைத் தமிழ் வேற்றுமைவழி விளக்குதல் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில மூவிடப்பெயர்களில் எழுவாய் வடிவத்தையும் செயப்படுபொருள் வடிவத்தையும் தேர்ந்து பயன்படுத்தும் முறையைத் தமிழ் மாணவர்க்குக் கற்பிக்குங்கால், ‘ஐ’ என்பது ‘நான்’ என்றும் ‘மீ’ என்பது ‘என்னை’ என்றும் பொருத்திக் காட்டுவது வழக்கமாக உள்ளது. தொடக்க நிலையில் பயன் தரும் இப்பொருத்தம், சற்று மேற்செல்லும்போது மாணவரைப் பிழைக்கு இட்டுச் செல்கிறது. ஆங்கில வடிவங்கள் தமிழ் வேற்றுமையைப் போல வினையோடு கொண்ட உறவால் அமைவன அல்ல. பெரும்பாலும் தொடரில் நிற்கும் இடத்தால் அமைவன. இவ்வேறுபாட்டை ஆங்கிலத்தின் வரலாற்றுச் சான்றுகளைக் கொண்டும், தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் கருத்தாக்கங்களைக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மூவிடப்பெயர், எழுவாய், செயப்படுபொருள், வேற்றுமை மயக்கம், வழுவமைதி, மிகைத்திருத்தம்

இரு தொடர்களின் முரண்

கதவு தட்டப்படுகிறது. உள்ளிருப்பவர் ‘யார்?’ என வினவுகிறார். தமிழில் விடை ‘நான்தான்’ என்பது. ‘என்னைத்தான்’ என எந்தத் தமிழரும் விடையிறுக்கமாட்டார். ஆங்கிலத்திலோ இயல்பான விடை ‘மீ’ அல்லது ‘இட்ஸ் மீ’ என்பதாகும். அடுத்து, ‘எனக்குத் தெரியும்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். இங்குத் தமிழில் நிற்பது நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் நிற்பது எழுவாய் வடிவமான ‘ஐ’. தமிழில் எழுவாய் நிற்கும் இடத்தில் ஆங்கிலம் செயப்படுபொருள் வடிவத்தை வைக்கிறது. தமிழ் உருபேற்ற பெயரை வைக்கும் இடத்தில் ஆங்கிலம் எழுவாயை வைக்கிறது. அன்றாட வழக்கில் மிகுதியாகப் புழங்கும் இவ்விரு தொடர்களே ‘ஐ = நான், மீ = என்னை’ என்னும் வாய்பாட்டை இரு திசைகளிலிருந்தும் உடைத்துவிடுகின்றன. (ஆங்கிலத் தன்மைப் பெயரின் எழுவாய் வடிவமும் தமிழின் செயப்படுபொருள் உருபும் ஒலியால் ஒன்றாயிருப்பது வகுப்பறையில் நகைப்பை விளைவிக்கும் ஒரு தற்செயல். குழப்பம் தவிர்க்க, இக்கட்டுரையில் ‘ஐ’ என்பது ஆங்கிலப் பெயரையே குறிக்கும். தமிழ் உருபு ‘இரண்டாம் வேற்றுமை உருபு’ என்றே சுட்டப்பெறும்.)

பள்ளி இலக்கணங்கள் இம்முரணை அறியாதவை அல்ல. ஆனால் முதல் தொடரை விதிவிலக்கு என்றும், இரண்டாம் தொடரை மொழிபெயர்ப்புச் சிக்கல் என்றும் ஒதுக்கிவிட்டு வாய்பாட்டைக் காப்பாற்றிக்கொள்கின்றன. விலக்காக ஒதுக்கப்படுபவை மொழியின் மிக இயல்பான தொடர்களாக இருக்குமாயின், ஐயுற வேண்டியது விதியைத்தான்.

உறவும் இடமும்

தமிழில் ‘புலி அவனைக் கொன்றது’, ‘அவனைப் புலி கொன்றது’ என எவ்வாறு மாற்றி நிறுத்தினும் இறந்தவன் அவனே. வலியுறுத்தற்பொருட்டுத் தொடரைத் திருப்பி அமைத்தாலும் உருபு தன் கடமையை விடுவதில்லை. ‘வந்தது அவன்’, ‘நான் பார்த்தது அவனை’ என்னும் இரு தொடர்களிலும் ‘அவன்’ இறுதியில் நிற்கிறது. எனினும் வருதலுக்கு அவன் வினைமுதல் என்பதால் முன்னது உருபின்றியும், பார்த்தலுக்குச் செயப்படுபொருள் என்பதால் பின்னது உருபேற்றும் வருகின்றன. இடம் எதுவாயினும் உறவே வடிவத்தை முடிவு செய்கிறது. உருபு தொக்குவிடும்போது நேரும் இடர்ப்பாட்டையும் தமிழிலக்கணம் கண்டுள்ளது. ‘புலிகொல் யானை’ என்பதில் கொன்றது எது, இறந்தது எது எனத் தெளிவில்லாமையைத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்னும் பெயரால் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் வைத்து ஆராய்வது இங்கு நினைக்கத்தக்கது.

இன்றைய ஆங்கிலத்தில் இப்பணியைச் சொல்வரிசை ஏற்றுக்கொண்டுவிட்டது. பெயர்ச்சொற்கள் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவினவாய் நிற்கின்றன. வேறுபாடு எஞ்சியிருப்பது ‘ஐ–மீ’, ‘வீ–அஸ்’, ‘ஹீ–ஹிம்’, ‘ஷீ–ஹெர்’, ‘தே–தெம்’, ‘ஹூ–ஹூம்’ என்னும் 6 இணைகளில் மட்டுமே. ‘யூ’, ‘இட்’ என்பன மாறுவதே இல்லை. ஆறு இணைகளில் மட்டும் உயிர்த்திருக்கும் ஒன்றை, எல்லாப் பெயர்களும் உருபேற்கும் தமிழின் வேற்றுமை அமைப்போடு ஒரு நிறையாக வைத்து ஒப்பிடுவது பொருந்தாது. முற்றுவினைக்கு முன்னே அதன் எழுவாயாகத் தனித்து நிற்கும்போது ‘ஐ’, பிற இடங்களில் பெரும்பாலும் ‘மீ’ என்பதே பேச்சாங்கிலத்தின் நடைமுறை. ‘தேநீர் யாருக்கு வேண்டும்?’ என்னும் பொருளில் வினவினால், வினையின்றித் தனித்து வரும் ஆங்கில விடை ‘மீ’ என்பதற்கும், கதவருகே ‘இட்ஸ் மீ’ என்பதற்கும் காரணம் ஒன்றே. அங்கெல்லாம் பெயருக்குப் பின்னே அது ஆளும் முற்றுவினை இல்லை.

இந்நோக்கில், ‘மீ’ என்பதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ‘என்னை’ அன்று, ‘என்’ என்பதே எனலாம். யான், நீ, தான் முதலியவை உருபேற்குங்கால் நெடுமுதல் குறுகும் எனத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் கூறுகிறது. அவ்வாறு குறுகிய ‘என்’ எனும் வடிவமே என்னை, என்னொடு, எனக்கு என எல்லா உருபுகளுக்கும் அடியாகிறது. ஆங்கிலத்திலும் ‘மீ’ என்னும் ஒரே வடிவம் வினைக்குப் பின்னும், ‘டு’, ‘வித்’, ‘ஃப்ரம்’ முதலிய முன்னிடைச்சொற்களுக்குப் பின்னும் மாறாமல் வருகிறது. ‘மீ’ என்பதை ‘என்னை’ என்று மட்டும் கற்ற மாணவர், ‘டு மீ’ என்பதில் இரண்டு வேற்றுமைகள் அடுக்கி வந்தனவோ என மயங்குவது இயல்பே. ஆயினும் இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. ‘என்’ என்பது ‘என் வீடு’ என உடைமைப் பொருளில் பிறிதொரு பெயரைத் தழுவி வருமேயன்றி, ஒரு விடையாகத் தனித்து நில்லாது. ‘மீ’ தனித்து நிற்கும்; உடைமையை உணர்த்தாது. அடியாக நிற்பதில் ‘என்’ போலவும், தனித்து நிற்பதில் ‘நான்’ போலவும் இயங்கும் ஒரு வடிவத்திற்குத் தமிழில் முழு இணை இல்லை என்பதை ஆசிரியர் வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று.

நான்காம் வேற்றுமை விழுங்கிய இரண்டாம் வேற்றுமை

‘செயப்படுபொருள் வடிவம்’ என்னும் பெயரே வரலாற்று நோக்கில் முழுப்பொருத்தமுடையதன்று. பழைய ஆங்கிலத்தில் ஆண்பாற் பெயருக்கு இரண்டாம் வேற்றுமை வடிவம் ‘ஹினெ’, நான்காம் வேற்றுமை வடிவம் ‘ஹிம்’ எனத் தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் ‘ஹினெ’ பொதுவழக்கிலிருந்து மறைய, ‘ஹிம்’ இரு பணிகளையும் ஏற்றது. ‘ஹெர்’, ‘ஹூம்’ ஆகியவையும் நான்காம் வேற்றுமை வழிவந்தவையே. ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த ‘தெம்’ என்பதன் மூலமும் அவ்வேற்றுமையே. ஆகவே இன்று ‘செயப்படுபொருள் வடிவம்’ எனக் கற்பிக்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை கொடைப்பொருள் உணர்த்திய வடிவங்கள். ‘அவனுக்கு’ என்பது ‘அவனை’ என்பதன் இடத்தையும் கைப்பற்றிக்கொண்டது எனத் தமிழில் சொன்னால் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இதே வரலாறு ‘எனக்குத் தெரியும்’ என்னும் தொடரின் சிக்கலையும் தெளிவாக்குகிறது. பழைய ஆங்கிலம் தமிழைப் போலவே, தோன்றுதல், விருப்பம் முதலியவற்றை உணர்பவரை நான்காம் வேற்றுமையில் வைத்தது. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதற்கு நேரான ‘மீதிங்க்ஸ்’ என்னும் சொல் ஷேக்ஸ்பியர் காலம் வரை வழக்கிலிருந்தது. அதிலுள்ள ‘மீ’ செயப்படுபொருள் அன்று, ‘எனக்கு’ என்பதே. ‘லைக்’ என்னும் வினையும் முற்காலத்தில் ‘பிடித்தல்’ என்பது போல, பிடித்த பொருளை எழுவாயாகவும் பிடித்தவரை நான்காம் வேற்றுமையிலும் கொண்டிருந்தது. சொல்வரிசை இறுகி, வினைக்கு முன் நிற்பதெல்லாம் எழுவாய் என்னும் நிலை உருவானபின் அவ்வமைப்பு அழிந்தது. ‘எனக்கு’ நின்ற இடத்தில் ‘நான்’ வந்து அமர்ந்தது. ஆங்கிலம் கைவிட்ட அமைப்பைத் தமிழ் பசித்தல், தெரிதல், பிடித்தல், வேண்டுதல் எனப் பல வினைகளில் இன்றும் காத்து வருகிறது. எனவே தமிழ் மாணவர் ‘எனக்கு’ என்பதிலிருந்து ‘ஐ’ என்பதற்குச் செல்லத் தடுமாறுவதை அறியாமை எனக் கொள்ள இயலாது. ஆங்கிலம் பல நூற்றாண்டுகளில் கடந்த தொலைவை அவர் ஒரு வகுப்பு நேரத்தில் கடக்க வேண்டியிருக்கிறது.

இவற்றினும் வலிய சான்று ‘யூ’ என்பதாகும். முன்பு ‘யீ’ எழுவாய் வடிவம். ‘யூ’ செயப்படுபொருள் வடிவம். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைப் பேணியது. அக்காலப் பேச்சிலோ அது குலைந்துவிட்டிருந்தது. இன்று ‘யூ’ வை எழுவாயாக்கிப் பேசும் ஒவ்வொருவரும், பழைய கணக்கின்படி, ‘உங்களை வந்தீர்கள்’ என்பது போன்றதொரு தொடரையே கூறுகின்றனர். எவரும் அதைப் பிழை என்பதில்லை.

இலத்தீன் அளவுகோல்

அங்ஙனமாயின் ‘இட் இஸ் ஐ’ என்பதே திருத்தமான வடிவம் என்னும் விதி எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இத்தொடர் ‘நான் அது ஆவேன்’ என்னும் அமைப்பில் இருந்தது. சாசரின் காலத்திலும் வினை தன்மைக்கு இயைந்து ‘இட் ஆம் ஐ’ என வந்தது. அவரது ‘நைட்ஸ் டேல்’ கதையில் இவ்வமைப்பைக் காணலாம். அங்கே ‘ஐ’ உண்மையான எழுவாய். வினை அதனோடு இயைந்திருப்பதே சான்று. பின்னர் முன்னிற்கும் ‘இட்’ எழுவாயாகக் கொள்ளப்பட்டு வினை ‘இஸ்’ என மாறியதும், பின்னிற்கும் பெயர் எழுவாய்த் தன்மையை இழந்தது. அவ்விடத்திற்குரிய ‘மீ’ வரத் தொடங்கியது. மாற்றம் அவ்வளவே.

1762இல் ராபர்ட் லௌத் வெளியிட்ட ஆங்கில இலக்கணம், ‘பீ’ வினைக்குப் பின்னும் எழுவாய் வடிவமே வரவேண்டும் என விதித்தது. இலத்தீனில் இவ்வினைக்கு இருபுறமும் ஒரே வேற்றுமை நிற்றலால் கற்றோர்க்கு அவ்விதி இயற்கையாகவே தோன்றியது. லிண்ட்லி மரேயின் 1795ஆம் ஆண்டு இலக்கணம் போன்ற பாடநூல்கள் வழி அம்மரபு பரவியது. இந்திய வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ரென்–மார்ட்டின் இலக்கணத்திலும் அவ்விதிக்கு இடம் உண்டு. எதிர்க்குரல்கள் அன்றே எழுந்தன. வேதியியலில் பெரும்புகழ் பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, தாம் எழுதிய இலக்கண நூலில், மக்கள் வழக்கும் நல்ல எழுத்தாளர் வழக்கும் இவ்விதிக்கு மாறாக இருப்பதைச் சுட்டி, குறைந்தது இரண்டையும் ஏற்கும் உரிமையாவது வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். 1864இல் ஹென்றி ஆல்ஃபோர்டு ‘இட் இஸ் மீ’ என்பதை வெளிப்படையாகவே ஆதரித்தார். வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததோ லௌத்தின் குரல்தான்.

தமிழ் வகுப்பறையில் இவ்விதி மேலும் ஒரு வலுவைப் பெற்றது. ‘வந்தவன் நான்’, ‘அது நான்’ எனப் பெயர்ப் பயனிலையில் உருபு ஏலாமை தமிழின் இயல்பு. இலத்தீன் விதி தமிழ்ச் செவிக்குத் தாய்மொழி விதியாகவே ஒலித்தது. ஆகவே ‘இட் இஸ் ஐ’ என்பதை ஆங்கிலேயரினும் எளிதாகத் தமிழாசிரியர் ஏற்றுக்கொள்ள முடிந்தது. இருமொழியும் ஒத்திருப்பது போலத் தோன்றும் இடமே கூர்ந்து ஆராயப்பட வேண்டிய இடம். தமிழ் இலக்கணிகள் வடமொழியைப் பின்பற்றி வேற்றுமைகளை வகுத்தனர் எனக் கால்டுவெல் 1856இல் குறைகூறியது தமிழ் ஆய்வுலகம் நன்கறிந்தது. அக்குறையின் ஆங்கில வடிவம், இலத்தீனைக் கொண்டு ஆங்கிலத்தை அளந்தமை. முன்னதை விரிவாக விவாதித்த தமிழ் ஆய்வுலகம் பின்னதைப் பாடநூலிலிருந்து கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருப்பது வியப்பிற்குரியது.

வழுவமைதியா, மயக்கமா?

‘இட்ஸ் மீ’ என்பதை வழுவமைதி எனக் கூறி அமைதி காணலாம் என்று தோன்றும். வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் முப்பகுப்பு தமிழ் மாணவர்க்குப் பழகியதே. ஆனால் வழுவமைதி என்பது முதலில் வழுவாதலை ஒப்புக்கொண்டு, பின் காரணம்பற்றி அமைப்பது. ‘இட்ஸ் மீ’ வழுவே அன்று என்னும்போது அமைதி எதற்கு? மேலும், நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைக் கூறுகையில் வேற்றுமையை அவற்றுள் ஒன்றாக வைக்கவில்லை. தொல்காப்பியர் அதற்கெனத் தனி இயலே வகுத்து, அதற்கு ‘மயக்கம்’ எனப் பெயரிட்டார். இங்கு மயக்கம் என்பது கலத்தலைக் குறிக்கும். ஓர் உருபு நிற்க வேண்டிய இடத்தில் மற்றோர் உருபு வந்து, பொருள் கெடாது நிற்பதை இலக்கணத்திற்குள்ளேயே வைத்து ஆராயும் பார்வை அது. பிழை, திருத்தம் என்னும் இரண்டைத் தவிர வேறறியாத பள்ளி ஆங்கில இலக்கணத்தைக் காட்டிலும் இப்பார்வை ஆங்கிலத்தின் இன்றைய நிலையை விளக்க உதவும்.

எல்லாவற்றையும் மயக்கம் எனக் கூறி விடுபடவும் இயலாது. ஒப்பீட்டுத் தொடரில் ‘தேன் ஐ’, ‘தேன் மீ’ என்னும் இரண்டும் வழங்குகின்றன. ‘தேன்’ என்பதை இணைப்புச்சொல்லாகக் கொண்டு பின்னே ஒரு வினை தொக்கது என்பார் முன்னதையும், முன்னிடைச்சொல்லாகக் கொள்வார் பின்னதையும் ஆள்வர். இங்குப் பழைய விதிக்கு ஒரு பயன் உண்டு என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ‘அவன் என்னைவிட உன்னை மிகுதியாக நேசிக்கிறான்’ என்னும் தமிழ்த்தொடர் இருபொருள் படுவது. என்னை நேசிப்பதினும் மிகுதியாகவா, நான் உன்னை நேசிப்பதினும் மிகுதியாகவா? ‘விட’ என்பதன் முன் இரண்டாம் வேற்றுமையே வரும் என்பதால் தமிழில் உருபு இதைத் தெளிவுபடுத்துவதில்லை. தொடரை விரித்தே கூற வேண்டும். ஆங்கிலத்தில் கண்டிப்பான விதியைப் பின்பற்றுவோர் ‘தேன் மீ’ என முதற்பொருளையும், ‘தேன் ஐ’ என இரண்டாம் பொருளையும் உணர்த்தலாம். அரிதாயினும் வேறுபாடு பொருளை வேறுபடுத்தும் இடம் இது. இதைக் கற்பிக்காமல் ‘இட் இஸ் ஐ’ என்பதற்கு மதிப்பெண் வைத்திருப்பது முன்னுரிமைப் பிழை.

‘அண்ட்’ வரும் இடம்

உண்மையான சிக்கல் இணைப்புச்சொல் வரும்போதுதான் எழுகிறது. ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்பது பலராலும் கண்டிக்கப்படுவது. எனினும் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், அந்தோனியோ எழுதும் கடிதத்திலேயே இத்தொடர் இடம்பெறுகிறது. ஆகவே இது தற்காலச் சிதைவன்று. ‘மீ’ என்பதை இணைத்து எழுவாயாக்கும் பேச்சு வழக்கு ஒருபுறம். அதைத் திருத்தும் பள்ளிப் பயிற்சி மறுபுறம். ‘அண்ட் ஐ’ என்பதே உயர்ந்தோர் வழக்கு எனப் பதிந்துபோன உள்ளம், அதை உரிமையில்லாத இடத்திலும் பயன்படுத்துகிறது. மொழியியலாளர் ஜோசப் எமண்ட்ஸ் 1986இல் எழுதிய கட்டுரை, இத்தகைய மதிப்பு வழக்குகள் இயல்பான மொழியறிவின் பகுதியாகாமல் கல்வியால் ஒட்டவைக்கப்பட்டவை என வாதிடுகிறது.

தமிழில் இப்பிழை நிகழ வழியில்லை. ‘அவனையும் என்னையும்’ என உருபு ஒவ்வொரு பெயரிலும் நின்று, அதன்மேல் ‘உம்’ சேர்கிறது. ‘அவனையும் நானும் அழைத்தார்’ எனச் சிறுவரும் கூறார். தாய்மொழி இவ்வளவு உறுதியாக வழிகாட்டும்போது தமிழ் மாணவர் ஏன் தவறுகின்றனர்? காரணம் திருத்தும் முறையில் உள்ளது. தமிழில் ‘நானும் ரவியும் போனோம்’ எனத் தன்னை முன்வைத்தல் இயல்பு. அதையே அவர் ஆங்கிலத்தில் கூற, ஆசிரியர் இரு திருத்தங்களை ஒருங்கே செய்கிறார்: தன்னைப் பின்வைத்தல் மரியாதை பற்றியது, ‘மீ’ என்பதை ‘ஐ’ ஆக்குதல் இலக்கணம் பற்றியது. இரண்டும் ஒரே மூச்சில் கூறப்படுவதால், ‘ரவி அண்ட் ஐ’ என்பது பிரிக்கவியலாத ஒரு மரியாதைத் தொடராக மனத்தில் நிலைக்கிறது. பின்பு முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் அதுவே வருகிறது.

இதற்கு ஆசிரியர் தரும் சோதனை, இணைந்த மற்றப் பெயரை நீக்கிப் பார்த்தல். வினையின் செயப்படுபொருளுக்கு இது நன்கு பயன்படும். ஆனால் ‘பிட்வீன்’ என்னும் சொல் இருவரையோ பலரையோ வேண்டி நிற்பது. ஒருவரை நீக்கினால் தொடரே நில்லாது. மிகுதியாகத் தவறு நேரும் இடத்திலேயே சோதனை கைவிடுகிறது. மாற்றாக, இணைந்த இரு பெயர்களுக்கும் ஈடாக ‘வீ’, ‘அஸ்’ என்பனவற்றுள் ஒன்றை வைத்துப் பார்க்கச் செய்யலாம். ‘பிட்வீன் அஸ்’ என்பது செவிக்கு உடனே புலப்படும். அது கிட்டியபின் ‘யூ அண்ட் மீ’ தானே வரும். தமிழில் ‘நமக்குள்’ என்றே இதைக் கூறுகிறோம் என்பதையும் சேர்த்துக் காட்டலாம். ‘நாம்’ என்பது குறுகி ‘நம்’ ஆனமை அங்கே கண்கூடு.

‘ஹூ’வும் ‘ஹூம்’மும்

வினாப்பெயரில் நிலைமை வேறு. எட்வர்டு சபீர் 1921ஆம் ஆண்டு நூலில், தொடர் முதலில் நிற்கும் ‘ஹூம்’ பேச்சிலிருந்து நீங்கும் போக்கை விரிவாக ஆராய்ந்தார். வினாச்சொல் எழுவாய்க்குரிய முதலிடத்தில் நிற்பதால், அவ்விடத்திற்குரிய ‘ஹூ’ வடிவம் வெல்கிறது. மேலே கூறிய இட விதியே இங்கும் இயங்குகிறது. ‘யார் பார்த்தாய்?’ என்பது தமிழில் எக்காலத்தும் பொருந்தாது. ‘யாரை’ என்றே வேண்டும். ஆகவே ‘ஹூம்’ என்பதைத் தமிழ் மாணவர் பிறரினும் எளிதில் கற்பர். இடர்ப்பாடு எதிர்ப்புறத்தில் உள்ளது. ‘நேர்மையாளர் என்று அனைவரும் நம்பியவர்’ என்பது போன்ற தொடரை ஆங்கிலமாக்கும்போது, ‘நம்பிய’ என்பதன் செயப்படுபொருள் எனக் கருதி ‘ஹூம்’ இட்டு, அதன்பின் ‘வாஸ்’ என முற்றுவினையையும் எழுதிவிடுகின்றனர். அங்கே அப்பெயர் உள்தொடரின் முற்றுவினைக்கு எழுவாய். மரபிலக்கணத்தின்படியும் ‘ஹூ’ என்பதே முறை. விடைத்தாள் திருத்துவோர் ‘ஹூம்’ என்பதைக் கண்டவுடன் கற்றறிந்த நடை எனக் கொண்டு கடந்துவிடுவதும், முதலிடத்து ‘ஹூ’ என்பதைக் கண்டவுடன் மதிப்பெண்ணைக் குறைப்பதும் ஒரே விடைத்தாளிலேயே நிகழக்கூடும். முன்னது மரபுக்கும் வழக்குக்கும் ஒருங்கே மாறானது. பின்னது வழக்கில் நிலைபெற்றது.